மீட்டருக்கு ருசி கிடையாது

ஒயின் புட்டியின் மேல் இப்போது புதிதாக ஓர் எண் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அறுவடை ஆண்டு ஏற்கனவே இருந்தது, ஆல்கஹால் சதவீதம் இருந்தது. மூன்றாவதாக இது: கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர். 980, 1,100, 1,450 என்று போகிறது. சில புட்டிகளில் ஊர்ப் பெயரைவிட இந்த எண் பெரிய எழுத்தில் இருக்கிறது. எண் ஏற ஏற ஒயினும் உசத்தி என்று வாங்குகிறவர் தானாகவே நினைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. கைப்பேசி விளம்பரத்தில் மெகாபிக்சல் பார்த்த வேலையை இங்கே மீட்டர் பார்க்கிறது.

இந்த எண்ணோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். உயரம் ஒயினை மாற்றாது என்று சொல்லப்போவதில்லை. நிச்சயம் மாற்றுகிறது, எப்படி மாற்றுகிறது என்பதும் பெருமளவு தெரிந்த விஷயம். என் பிரச்சினை "மலைதான் இந்த ஒயினைச் செய்கிறது" என்ற வாக்கியம். அறிவியலாகப் பார்த்தால் அது பாதிதான் சரி. மீதிப் பாதியில் தண்ணீரும் மனிதர்களும் இருக்கிறார்கள். மலையை அவ்வளவு பெரிதாக வரைந்தால் அவர்களை வரையத் தாளில் இடம் மிஞ்சாது.

பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். நேரடியாக அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக, அளக்க எளிதான வேறொன்றை வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். ப்ராக்ஸி என்போம். நிரலின் தரத்தை அளப்பது கஷ்டம், ஆகவே எழுதிய வரிகளை எண்ணுவார்கள். எண்ண ஆரம்பித்த மறுநாளே எல்லோரும் வரிகளாக எழுதிக் குவிப்பார்கள், தரம் இருந்த இடத்திலேயே இருக்கும். மீட்டர் அப்படிப்பட்ட ஒரு ப்ராக்ஸி. அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்று பார்க்க, அந்த எண்ணை உலகச் சந்தைக்கு விற்றுக் காட்டிய ஊருக்கே போகலாம்: அர்ஜென்டினாவின் மெண்டோசா.

மலைக்கு உரியது மலைக்கு

ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது மெண்டோசா. பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று சிலி நாட்டிலேயே தன் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்டுபோய் இந்தப் பக்கம் வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். பாலைவனம் என்றே சொல்லலாம். நகரம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தெற்கே, மலையை ஒட்டி ஏறினால் ஊகோ பள்ளத்தாக்கு. அதன் மேல் விளிம்பில் குவால்தயாரி என்றொரு பகுதி. நிக்கோலாஸ் கத்தேனா என்ற ஒயின் தொழிலதிபர் 1992இல் அங்கே, ஏறத்தாழ 1,450 மீட்டரில், தன் இளைய மகள் அட்ரியானாவின் பெயரில் தோட்டம் போட்டார். அந்தக் குளிரில் சிவப்புத் திராட்சை பழுக்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பழுத்தது. அர்ஜென்டினாவின் விலை உயர்ந்த ஒயின்களில் சில இன்றைக்கு அங்கிருந்து வருகின்றன.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. 100 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் தோராயமாக 0.6 டிகிரி குறையும். நகரத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இடையில் நாலு டிகிரி வித்தியாசம். நமக்கு அது மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைக்கும் சமாச்சாரம். திராட்சைக் கொடிக்கு அது வாழ்க்கையே வேறு. பழத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சர்க்கரை ஏறும் கடிகாரம். இன்னொன்று தோலும் விதையும் வாசனையும் முதிரும் கடிகாரம். வெக்கையில் முதல் கடிகாரம் ஓடும், இரண்டாவது நடக்கும். தோல் முதிரும்வரை காத்திருந்தால் சர்க்கரை எகிறிவிடும், ஒயின் காட்டமாகவும் ஜாம் மாதிரியும் ஆகிவிடும். குளிர்ந்த இடத்தில் இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே வந்து சேரும்.

அடுத்தது புளிப்பு. திராட்சையில் மாலிக் அமிலம் உண்டு. பச்சை ஆப்பிளைக் கடித்தால் சுரீரென்று வருமே, அதே அமிலம். வெப்பம் கூடினால் பழம் தன் சுவாசத்துக்காக இதை எரித்துவிடும். குளிர்ந்தால் மிச்சம் வைக்கும். மலைத்தோட்ட ஒயினைக் குடிக்கும்போது நாக்கின் இரண்டு ஓரங்களிலும் நீர் ஊறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது வெளிச்சம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர்வீச்சு 10 முதல் 12 சதவீதம் கூடும். கொடியால் நிழலுக்கு ஓட முடியாது, ஆகவே தன் பழத்தின் தோலிலேயே குடை தயாரிக்கிறது. ஆந்தோசயனின் என்கிற நிறமி, டானின், இன்னும் பல பாலிஃபீனால்கள். மெண்டோசாவின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். உயரத்தில் உள்ள மால்பெக் கொடிகளில் சிலவற்றின் மேல் புற ஊதா-பி கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் படலத்தைக் கட்டி, மற்றவற்றைத் திறந்துவிட்டார்கள். மூடி வைத்த பழங்களின் தோலில் இந்தப் பொருட்கள் குறைவாக இருந்தன.

மலைக்கு உரியதை மலைக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். வெப்பம், அமிலம், வெளிச்சம். கொடிக்குத் தெரிந்தது இவைதான். தான் எத்தனையாவது மீட்டரில் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

எந்த மலை?

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைத் தோட்டங்கள் பெரும்பாலும் 350 மீட்டருக்குக் கீழே இருக்கின்றன. அங்கே விளையும் ரீஸ்லிங், புளிப்புக்கும் மெல்லிய உடலுக்கும் உலகப் பிரசித்தம். மெண்டோசாவில் 350 மீட்டரில் தோட்டம் போட்டால் அந்த ஒயின் கிடைக்குமா? வாய்ப்பே இல்லை. மோசல் இருப்பது 50 பாகை வட அட்சத்தில், மெண்டோசா 33 பாகை தென் அட்சத்தில். இன்னும் வடக்கே, வெப்ப மண்டலத்தின் பக்கமாக, சால்டா மாகாணத்துக்குப் போனால் கஃபயாத்தே ஊரிலேயே தோட்டங்கள் 1,700 மீட்டரில் இருக்கின்றன. அதே மாகாணத்தில் கொலோமே நிறுவனத்தின் 'அல்துரா மாக்சிமா' தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விஸ்பெர்டெர்மினென் கிராமத்தில் 1,150 மீட்டருக்கே ஐரோப்பாவின் உச்சித் தோட்டங்களில் ஒன்று என்று மார்தட்டுகிறார்கள். மூவரும் சொல்வது 'உயரம்'தான். ஆனால் அட்சரேகை இல்லாத உயரம், எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாத விலைப்பட்டியல்.

இது எல்லோருக்கும் தெரியும், ஒரே ஊருக்குள்ளாவது ஒப்பிடலாமே என்பீர்கள். அங்கேயும் சிக்கல் இருக்கிறது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பக்க ஹவல் மவுண்டன் பகுதியின் எல்லைக்கோடு 1,400 அடியில், அதாவது சுமார் 427 மீட்டரில் தொடங்குகிறது. அந்தக் கோட்டுக்குக் காரணம் மூடுபனி. வளைகுடாவிலிருந்து வரும் பனி ராத்திரியில் பள்ளத்தாக்குத் தரையை மூடும், மேலே மலை அதைத் தாண்டி நிற்கும். ஆகவே மலைத்தோட்டத்தில் பகல் கீழே இருப்பதைவிடக் குளிர்ச்சி, இரவு கீழே இருப்பதைவிடக் கதகதப்பு. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப இடைவெளி மலையில் குறைகிறது, பள்ளத்தில் கூடுகிறது.

மெண்டோசாவின் விளம்பரம் எதைச் சொல்லி விற்கிறது? 'உயரத்தினால் பகல் சூடு, இரவு குளிர், பெரிய இடைவெளி.' நாபாவின் மலைக்காரர்கள் எதைச் சொல்லி விற்கிறார்கள்? 'உயரத்தினால் சீரான வெப்பம்.' இரண்டும் அந்தந்த ஊரில் உண்மை. ஆனால் ஒரே காரணம் இரண்டு எதிரெதிர் விளைவுகளைத் தருகிறது என்றால், காரணம் என்று நாம் நினைத்தது காரணமில்லை. ஊகோவின் குளிர்ந்த இரவுக்கு முக்கியக் காரணம் வறண்ட காற்றும் மேகமில்லாத வானமும்தான். ஈரப்பதம் போர்வை மாதிரி. போர்வை இல்லாத நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே பள்ளம் தேடி ஓடும். அது தேங்கும் குழியில் இருக்கும் தோட்டம் உறைபனியில் கருகும். ஐம்பது மீட்டர் தள்ளி, காற்று வழிந்தோடும் சரிவில் இருக்கும் தோட்டம் தப்பிக்கும். 2022 அக்டோபர் கடைசி இரவில் மெண்டோசாவில் உறைபனி விழுந்தது. அங்கே அது வசந்தகாலம், துளிர் விட்டிருந்த நேரம். அன்று ஒரு தோட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்ததில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைவிடப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதற்குப் பங்கு அதிகம்.

இன்னொன்று. 'மலைத்தோட்டம்' என்றதும் நம் மனசில் செங்குத்தான சரிவு வருகிறது. ஊகோவின் படங்களைப் பாருங்கள். பின்னணியில் பனிமலை, முன்னால் கிட்டத்தட்டத் தட்டையான நிலம். ஆறுகள் மலையிலிருந்து உருட்டிவந்து விசிறி மாதிரிப் பரப்பிய கல்லும் மணலும். உண்மையில் மலையைப் பிடித்துத் தொங்கும் தோட்டங்கள் வேண்டுமென்றால் இத்தாலியின் வால்தெல்லினாவுக்குப் போக வேண்டும். ஆல்ப்ஸ் சரிவில் சாந்தில்லாமல் கல் அடுக்கிய சுவர்கள், படிப்படியாகத் துண்டு நிலங்கள், அதில் நெப்பியோலோ கொடிகள். அங்கே ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதால் வடகரைச் சரிவு முழுக்கத் தெற்குச் சூரியனைப் பார்த்து நிற்கிறது. அந்த வெயில்தான் ஆல்ப்ஸ் குளிரில் பழத்தைப் பழுக்க வைக்கிறது. இத்தனை பாடுபடும் அந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் 300லிருந்து 700 மீட்டருக்குள் இருக்கின்றன. மெண்டோசா நகரத்தின் பேருந்து நிறுத்தம் அதைவிட உயரம்.

வேர் கல்லைக் குடிக்குமா?

மீட்டருக்கு அடுத்து மேடைக்கு வருவது கல். குவால்தயாரியின் மண்ணில் சுண்ணாம்பு படிந்த கூழாங்கற்கள் உண்டு. ஒயின் ருசி காட்டும் நிகழ்ச்சி ஒன்றில், பேசவந்தவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே, "இந்த வாயில் நீங்கள் உணர்வது ஆண்டீஸின் சுண்ணாம்பு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நமக்கு வெற்றிலை போட்டு சுண்ணாம்பு ருசி நன்றாகவே தெரியும். அந்த ஒயினில் அது இல்லை.

அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியல் பேராசிரியர் பல வருடங்களாக இதைப் பொறுமையாக விளக்கிவருகிறார். பாறை கரைந்து வேர் வழியாக ஏறிப் பழத்தில் ருசியாக வருவதில்லை. கொடி எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த அயனிகளை, அதுவும் மிகச் சிறிய அளவில். பெரும்பாலான பாறைகளுக்கு ருசியே கிடையாது. பிறகு மண் எதற்கு? தண்ணீருக்கு. கூழாங்கல் நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. கொடி தாகத்தில் இருக்கும், இலை குறையும், பழம் சிறுக்கும். சின்னப் பழத்தில் சாற்றைவிடத் தோலின் பங்கு அதிகம், நிறமும் டானினும் தோலில்தான் இருக்கின்றன. களிமண் என்றால் கதை வேறு. ஒரே உயரத்தில், ஒரே தோட்டத்துக்குள்ளேயே, ஒரு வரிசை ஆழமான வண்டல் மேலும் அடுத்த வரிசை கல்லின் மேலும் நிற்கலாம். ஊகோவில் இது சாதாரணம். மீட்டர் மாறவில்லை, ஒயின் மாறுகிறது.

நகராத மலை

இதுவரை சொன்னதைவிட எளிமையான ஆதாரம் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்குப் போன உயர்தர மால்பெக் எப்படி இருந்தது? கருத்து, கனத்து, ஆல்கஹால் தூக்கலாக, புதிய ஓக் பீப்பாயின் வனிலா வாசத்தோடு. 100 மதிப்பெண் விமர்சனங்கள் அந்தப் பாணியைக் கொண்டாடிய காலம் அது. பிறகு ரசனை மாறியது. முன்கூட்டியே பறித்தார்கள், புதிய ஓக்கைக் குறைத்தார்கள், சிலர் காங்கிரீட் தொட்டிகளுக்குத் திரும்பினார்கள். செபாஸ்தியான் சுகார்தி மாதிரியானவர்கள் அந்தத் திருப்பத்தின் முகங்கள். ஒயின் மெலிந்தது, புளிப்பு தெரிந்தது, பூ வாசம் வந்தது. அதே பள்ளத்தாக்கு. பல இடங்களில் அதே கொடிகள். ஆண்டீஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அப்படியென்றால் முன்பு மலை வேறு மாதிரிப் பேசியதா, இப்போது மனசு மாறிவிட்டதா? எப்போது பறிப்பது, எவ்வளவு நேரம் தோலோடு ஊறவைப்பது, எதில் வைத்திருப்பது என்று மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் அவை. 'நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, மலையைப் பேசவிடுகிறோம்' என்று சொல்பவர், தன் கையெழுத்தை மலையின் பெயரில் போடுகிறார்.

இதைக் கேட்டு உடனே எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களும் உண்டு. "அப்போ எல்லாம் பீலாதானே மச்சான், ஒயின்ல இடமாவது மண்ணாவது" என்பான் என் அலுவலக நண்பன். அவனுக்கும் நான் எதிரிதான். கத்தேனாவின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு கட்டுரை உண்டு. மெண்டோசாவின 23 நிலத்துண்டுகளிலிருந்து மால்பெக்கைப் பறித்து, 2016, 2017, 2018 ஆகிய மூன்று அறுவடைகளிலும் எல்லாவற்றையும் ஒரே முறையில் ஒயினாக்கி, பாலிஃபீனால்களை அளந்தார்கள். அந்த ரசாயனத்தை வைத்து எந்த ஆண்டு ஒயின் என்பதை முழுக்கச் சொல்ல முடிந்தது. எந்த நிலத்துண்டு என்பதை ஏறத்தாழப் பாதித் துண்டுகளுக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

நடத்தியவர்கள் மேட்டு நிலத்தை விற்கிறவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிப்போம். அப்போதும் இரண்டு விஷயங்கள் தேறுகின்றன. இடம் என்பது பொய்யில்லை, ரசாயனத்திலேயே தெரிகிறது. ஆனால் இடத்தைவிட ஆண்டு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. அந்த வருடத்து வானிலையின் கைரேகை, அந்த நிலத்தின் கைரேகையைவிட அழுத்தமாக விழுந்திருக்கிறது. மலை நிலையானது, வருடம் நிலையற்றது. விளம்பரத்துக்கு வசதியானது நிலையானதுதான், அதனால் மலை முன்னால் நிற்கிறது.

தண்ணி

நம் ஊரில் குடிப்பதற்கே 'தண்ணி அடிப்பது' என்றுதான் பேர். மெண்டோசாவைப் பற்றி அதைவிடச் சரியான சொல் கிடையாது. 200 மில்லிமீட்டர் மழையில் திராட்சை விளையாது. அங்கே ஒவ்வொரு கோப்பையும் ஆண்டீஸின் உருகிய பனி. ஆறாக இறங்கி, அணையில் நின்று, வாய்க்காலில் பிரிந்து, வயலுக்கு வந்த தண்ணீர். அந்த மாகாணத்தில் பாசனம் எட்டும் பசுமைப் பகுதி மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி முழுக்க முள்ளும் மணலும்.

ஸ்பானியர்கள் 1561இல் நகரத்தை நிறுவியபோதே வாய்க்கால்கள் இருந்தன. ஊவார்பே பழங்குடியினர் வெட்டியவை. இன்றும் நகரத்தின் தெருவோரங்களில் அசேக்கியா எனப்படும் திறந்த வாய்க்கால்கள் மரங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. நம் ஏரிப்பாசனத்தில் மடை திறந்துவிட நீர்க்கட்டி இருப்பதுபோல அங்கே தொமேரோ என்று ஒருவர் உண்டு. இன்னாருக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துத் திறந்துவிடுவார். 1884இல் எழுதிய தண்ணீர்ச் சட்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது, நிலத்தைப் பிரிந்து தண்ணீரைத் தனியாக விற்க முடியாது என்பது அதன் அடிப்படை.

இந்த ஏற்பாடு முழுக்க ஈர்ப்பு விசையில் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் கீழ்நோக்கித்தான் போகும். ஆக, வாய்க்காலுக்கு மேலே இருந்த நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது, விலையும் கிடையாது. 1990களுக்குப் பிறகு என்ன நடந்தது? ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் வந்தன, கூடவே உள்நாட்டு, வெளிநாட்டு முதலீடு வந்தது. பம்புக்கு ஈர்ப்பு விசை பற்றிக் கவலை இல்லை. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலம் திடீரென்று திராட்சைத் தோட்டம் ஆனது. 'உயரமான தோட்டங்களைக் கண்டுபிடித்தோம்' என்ற கதையின் மறுபக்கம் இதுதான். மலை அங்கே எப்போதும் இருந்தது. புதிதாக வந்தது கிணறு.

மேலே தோண்டுகிற கிணற்றுக்கும் கீழே பாயும் ஆற்றுக்கும் சம்பந்தம் உண்டு. தலைமடையில் எடுப்பது கடைமடையில் குறையும் என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2010 முதல் பத்தாண்டுக்கும் மேலாக அந்த ஆண்டீஸ் பகுதியில் பனிப்பொழிவு பெரும்பாலும் சராசரிக்குக் கீழேதான். முறைத் தண்ணீர் சுருங்கும்போது, கடைமடையில் நாலு ஏக்கரில் சாதா திராட்சை போட்டுக் கூட்டுறவு ஆலைக்குக் கொடுப்பவரால் ஆழ்துளைக் கிணறு போட முடியாது. மேலே இருப்பவரால் முடியும். விலை உயர்ந்த ஒயினின் 'நேர்த்தியான புளிப்பு', 'கட்டுப்பாடான தாகம்' எல்லாம் துளித்துளியாகத் தண்ணீரைத் தன் இஷ்டப்படி கொடுக்க முடிந்தவரின் சாதனை. அது திறமைதான், மறுக்கவில்லை. அந்தத் திறமைக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடுகிறது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

மெண்டோசாக்காரர்கள் மறைக்கவில்லை. உலோகச் சுரங்கங்களில் சயனைடு, பாதரசம், கந்தக அமிலம் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் 7722ஆம் எண் சட்டத்தை 2007இல் கொண்டுவர வைத்தார்கள். 2019 டிசம்பரில் சட்டமன்றம் அதைத் தளர்த்தியபோது ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தண்ணீர் பேரம் பேசும் பொருளில்லை என்று முழங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அரசு பின்வாங்கியது. தங்கள் ஊரின் குணம் எதில் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. புட்டியின் முதுகில் எழுதுகிறவருக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எழுதவில்லை.

தகரத் தொட்டியும் டோக்கனும்

அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. பொலிவியாவிலிருந்தும் அர்ஜென்டினாவின் வட மாகாணங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பழைய முறை இப்படி: சுமார் 20 கிலோ பிடிக்கும் தொட்டியை நிரப்பித் தோளில் தூக்கி, வரிசையின் முனையில் நிற்கும் லாரிவரை ஓடி, ஏறிக் கொட்ட வேண்டும். கொட்டினால் ஒரு ஃபிச்சா, அதாவது டோக்கன். நாள் முடிவில் டோக்கனை எண்ணிக் கூலி. அங்கே யாரும் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். உயர்ரக ஒயினுக்குப் பழம் நசுங்காமல் சின்னப் பெட்டிகளில் பறிக்கிறார்கள். கையால் பறித்தது என்பதும் புட்டியில் பெருமையாக அச்சாகிறது. கை மட்டும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

பின்குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு இலக்கணம் புலப்படும். மலை பேசுகிறது, மண் வெளிப்படுகிறது, கொடி போராடுகிறது, உயரம் அளிக்கிறது. எழுவாயாக மனிதர் வரும் ஒரே இடம் நிறுவனரின் பெயர். அவர் கனவு காண்கிறார். மற்ற எல்லா வினைகளையும் இயற்கையே செய்துவிடுகிறது. நாம் வாசகர்கள், வாக்கியத்தில் யார் காணாமல் போனார்கள் என்று பார்ப்பது நம் பழக்கம். நாவலில் செய்வதைப் புட்டியில் செய்யக் கூடாதா?

"டேய், ஒயின் குடிக்கும்போதாவது நிம்மதியா விடேன்" என்று அதே நண்பன் சொல்கிறான். நியாயமான புகார். கதை இல்லாமல் ஒயின் வெறும் புளித்த சாறுதான், எனக்கும் கதை வேண்டும். ஆனால் பம்பும் தொமேரோவும் 1884ஆம் ஆண்டுச் சட்டமும் டோக்கனும் இருக்கும் கதை, வெறும் பனிமலை இருக்கும் கதையைவிடப் பெரியது, சுவாரசியமானது. சின்னக் கதையைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

மேடு தீரும்போது

இதில் அவசரமும் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட உலகம் முழுக்கத் திராட்சை மேலேறுகிறது. ஸ்பெயினின் தோரெஸ் நிறுவனம் பிரனீஸ் மலையடிவாரத்தின் திரெம்ப் பகுதியில், சுமார் 950 மீட்டரில் நிலம் வாங்கி நட்டது இந்தக் கணக்கில்தான். கணக்கு சுலபம்: இரண்டு டிகிரி ஏறினால் முந்நூறு சொச்சம் மீட்டர் ஏறு. அடுத்த இரண்டுக்கு இன்னும் முந்நூறு. ஆனால் மலையின் வடிவம் கூம்பு. மேலே போகப்போக நிலம் சுருங்கும், உறைபனி கூடும், வாய்க்கால் பின்தங்கும். பனிப்பொழிவு குறைந்தால் ஆற்றில் தண்ணீரும் குறையும். ஏறுவதற்குப் பணம் உள்ளவர்கள் ஏறுவார்கள். பழைய பள்ளத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் சூட்டோடு இருப்பார்கள். சந்தை அவர்களிடம், 'உங்கள் ஒயினில் உயரம் இல்லையே' என்று சொல்லும்.

மீட்டரை வழிபடுவதன் விலை அதுதான். அது ஒரு ருசியைப் பற்றிய சொல்லாகத் தொடங்கி, நிலத்தின் விலையைப் பற்றிய சொல்லாக முடிகிறது. மேட்டு நிலம் உயர்ந்தது என்று நாம் நம்பினால், கீழ் நிலத்துக்குத் தண்ணீர் போகாவிட்டாலும் கவலையில்லை என்று நம்புவது அடுத்த படி. அந்தப் படியை யாரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள், சொல்லத் தேவையும் இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது கோப்பையைச் சுழற்றி 1,450 மீட்டர் என்று ஆரம்பித்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அட்சரேகையில்? எங்கிருந்து வந்த தண்ணீரில்? யார் பறித்து, என்ன கூலிக்கு? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் இன்னொரு கோப்பை ஊற்றுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஒயின் நன்றாகவே இருக்கும். ஆனால் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.